இணையச் சட்டமும் நம் பிள்ளைகளும்

இணையம் என்பது இன்று படித்த சீமான்களின் பொழுதுபோக்கல்ல. மாடு மேய்ப்பவர் கையிலும், நாற்று நடுகிறவர் மடியிலும் கைபேசி இருக்கிறது. பணம் கொடுப்பதும், ரேஷனுக்கு விரல் வைப்பதும், நம் கருத்தை நாலு பேருக்குச் சொல்லுவதும் அதன் வழியாகவே நடக்கின்றன. ஆகவே இணையத்தைப் பற்றிய சட்டம் நம் வாய்க்கும் வயிற்றுக்கும் சம்பந்தப்பட்ட சட்டமேயாகும். அதைக் கோர்ட்டில் வாதாடப் பழகுகிறவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று நாம் கவனிக்க வேண்டாமா?

இப்போது சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு ‘ஃபெலோஷிப்’ என்றொரு பயிற்சி ஏற்பட்டிருக்கிறது. இத்துறையில் வேலை செய்யும் சங்கங்களும் வக்கீல்களும் மாணவர்களைச் சில மாதங்களுக்குச் சேர்த்துக் கொண்டு, தீர்ப்புகளைப் படித்துக் குறிப்பெழுதவும், தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடவும், வழக்குக்கு ஆதாரம் திரட்டவும் பழக்குகிறார்கள். இதில் ஒரு வகை, மாணவர் தன் ஊரிலிருந்தபடியே இணையத்தின் மூலம் செய்யக்கூடியது. இந்த வகையை நாம் மனப்பூர்வமாய் வரவேற்கிறோம்.

காரணம் சொல்லுகிறோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்றொரு பிரிவிருந்தது. ‘மிகவும் புண்படுத்தக்கூடிய’ எதையும் கம்ப்யூட்டர் வழியாய் அனுப்பினால் 3 வருஷம் வரை சிறை என்றது அது. புண்பட்டதை அளக்கத் தராசு எது என்று சொல்லவில்லை. 2012 நவம்பரில், பால் தாக்கரே இறந்ததற்காகப் பம்பாய் கடையடைத்ததைப் பற்றி ஒரு பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். இன்னொரு பெண் அதற்கு ‘லைக்’ போட்டார். இருவரையும் மகாராஷ்டிரத்துப் பால்கரில் போலீசார் கைது செய்தார்கள். ஷ்ரேயா சிங்கால் என்ற 21 வயதுப் பெண் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2015 மார்ச் 24-ந் தேதி கோர்ட் அப்பிரிவை ரத்து செய்துவிட்டது.

அப்பெண்ணை நாம் பாராட்டுகிறோம். ஆனால் அவர் டில்லிக்காரர். தாயார் சுப்ரீம் கோர்ட் வக்கீல். பாட்டியார் டில்லி ஹைகோர்ட் நீதிபதியாயிருந்தவர். கோர்ட்டுக்குப் போகும் வழி அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது. தர்மபுரியிலும் தேனியிலும் சட்டம் படிக்கும் நம் பெண்ணுக்கு அந்த வழி எங்கேயிருக்கிறது? டில்லியில் வாடகை கொடுக்கப் பணம் எங்கேயிருக்கிறது? அந்தத் தூரத்தைத்தான் இந்தப் பயிற்சி குறைக்கிறது.

நிற்க, 66ஏ போய்விட்டது என்று சும்மாயிருக்க முடியுமா? 1927-ல் வெள்ளைக்கார சர்க்கார் கொண்டுவந்த 295ஏ, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299 என்று நம்பர் மாறி உயிரோடிருக்கிறது. புராணத்திலுள்ளதை உள்ளபடி எடுத்துச் சொல்லுகிறவர்மேல், மதத்தைப் புண்படுத்தினார் என்று புகார் கொடுக்க அது போதும். 69ஏ பிரிவின்படி சர்க்கார் ஓர் எழுத்தை முடக்கலாம். அதற்கான 2009-ம் வருஷத்து விதிகளில் 16-வது விதி, புகாரையும் அதன்மேல் எடுத்த நடவடிக்கையையும் ரகசியமாய் வைக்கச் சொல்லுகிறது. சூத்திரன் வேதத்தைக் கேட்கக் கூடாதென்பதற்கும், உன் எழுத்தை ஏன் முடக்கினோமென்று நீ அறியக் கூடாதென்பதற்கும் என்ன வித்தியாசம்? இதை எதிர்த்துக் கேட்க நம்மிலிருந்து வக்கீல்கள் வர வேண்டாமா?

சில பெரியவர்கள், சீனியர் பக்கத்திலிருந்து கற்காத வித்தை வித்தையாகுமா என்கிறார்கள். இது குருகுலப் பேச்சு. சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி நடந்ததை நாடு மறக்கவில்லை. பக்கத்தில் உட்கார யாருக்கு இடம் கிடைக்கும் என்பதல்லவா கேள்வி? அன்றியும், 2020-ல் கொரோனா வந்தபோது நீதிபதிகளே வீட்டிலிருந்து வீடியோவில் வழக்குக் கேட்டார்கள். அந்தத் தீர்ப்புகள் செல்லுமானால், மாணவர் வீட்டிலிருந்து எழுதும் குறிப்பு மாத்திரம் செல்லாதா?

ஆனால் தூரம் ஒழிந்ததாலேயே தடையெல்லாம் ஒழிந்துவிட்டதாக நாம் ஏமாறக்கூடாது. இன்னும் மூன்று தடைகள் இருக்கின்றன.

முதலாவது பணம். சில இடங்களில் உபகாரச் சம்பளம் கொடுக்கிறார்கள். சில இடங்களில் சர்டிபிகேட் ஒன்றுதான் கூலி. லீவில் வேலை செய்து பீஸ் கட்டுகிற மாணவர் சர்டிபிகேட்டை வைத்துச் சோறாக்குவாரா? இளம் வக்கீல்களுக்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும், மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறையாமல் கொடுக்க வேண்டுமென்று சென்னை ஹைகோர்ட் 2024-ல் சொல்லிற்று. அந்த நியாயம் மாணவரின் உழைப்புக்கும் உண்டு.

இரண்டாவது இங்கிலீஷ். அரசியல் சட்டத்தின் 348-வது பிரிவு மேல்கோர்ட்டுகளில் இங்கிலீஷையே வைத்திருப்பதால் அது அவசியந்தான். ஆனால் கற்றுக்கொள்ள வருகிறவரிடம், கற்று முடித்தவரின் நடையை எதிர்பார்ப்பது யோக்கியமா? மனுவைத் தமிழிலும் வாங்கட்டும். இங்கிலீஷைப் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கட்டும்.

மூன்றாவது சிபார்சுக் கடிதம். பெரிய வக்கீலைத் தெரிந்தவருக்குத்தான் அது கிடைக்கும். இதற்குத் தகுதி, திறமை என்று பெயர் வைத்திருப்பதுதான் வேடிக்கை!

ஆகவே, நம் இயக்க வக்கீல்கள் முன்வந்து, தகுந்த மாணவர்களுக்குச் சிபார்சு எழுதிக் கொடுக்க வேண்டும். ஊர்ப் படிப்பகங்கள் ஒரு மேஜையும், ஒரு கம்ப்யூட்டரும், இணைய வசதியும் சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கென்று ஒதுக்க வேண்டும். வீட்டில் தனியிடம் கிடைக்காத பெண்களுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். மாலைக்கும் மேடைக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதி இதற்குப் போதும். மாணவத் தோழர்களும், நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது என்று சோர்ந்திராமல், இந்த வருஷமே மனுப் போட வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.