இடுப்பளவு நீரில் திரும்புதல்

தடாவில் வாழும் பிள்ளைகளுக்குப் பழவேற்காடு ஏரி புதிதன்று. தெலுங்கில் புலிகாட் என வழங்கும் அந்த உப்புநீர் ஏரி, இந்தியக் காயல்களில் சிலிக்காவுக்கு அடுத்த பெரியது. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலுமாக அது பரந்து கிடந்தாலும், அதன் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டரே. பல இடங்களில் வளர்ந்தவர் ஒருவர் இறங்கி நின்றால் நீர் இடுப்பைத் தாண்டாது. இத்தகைய நீரைக் கண்டு, “இதில் என்ன விளையாட முடியும்?” என்று ஏளனம் செய்வோர் உண்டு. நீர் விளையாட்டு என்றால் பேரலையும் ஆழமும் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பாய்மரப் பலகை ஓட்டக் கற்பவரைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் தவறானது.

விண்ட்சர்ஃபிங் எனப்படும் இவ்விளையாட்டில் ஒரு நீண்ட பலகையும் அதன்மேல் ஒரு பாயும் உண்டு. பாய்மரம் பலகையோடு இறுகப் பிணைக்கப்படுவதில்லை. எப்பக்கமும் சாயக்கூடிய ஒரு மூட்டின்மேல் நிற்கிறது. படகுக்கு உள்ளதுபோலச் சுக்கானும் இல்லை. பாயைப் பின்புறம் சாய்த்தால் பலகையின் முனை காற்று வரும் திசையை நோக்கித் திரும்பும். முன்புறம் சாய்த்தால் காற்றை விட்டு விலகும். ஓட்டுபவரின் கையும் காலுமே சுக்கான்.

காற்று நேர் எதிரே வீசும்போது எந்தப் பாயும் முன்னே செல்லாது. ஆகவே ஓட்டுபவர் இடமும் வலமுமாக வளைந்து வளைந்தே முன்னேற வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு திருப்பம் வரும். பலகையின் முனை காற்றைக் கடந்து திரும்புவதை டாக்கிங் என்பர். அப்போது ஓட்டுபவர் பாய்மரத்தின் முன்புறமாகச் சுற்றி மறுபக்கம் வந்து நிற்க வேண்டும். பலகையின் பின்புறம் காற்றைக் கடந்து திரும்புவது ஜைபிங். அதில் பாய் முன்புறமாகச் சுழன்று மறுபக்கம் போகும். நேராக ஓடுவதைச் சில மணி நேரத்தில் கற்றுவிடலாம். திரும்பத் தெரியாமல் நேராக மட்டும் ஓடத் தெரிந்தவரோ, காற்று கொண்டுபோய் விட்ட இடத்திலிருந்து பலகையை இழுத்துக்கொண்டு நடந்துதான் வரவேண்டும். நடக்க முடிந்தால் நல்லது. ஆழ்கடலாயின் அதற்கும் வழியில்லை.

திருப்பத்தின்போது எல்லோரும் விழுகின்றனர். ஒரு முறையன்று, நூறு முறை. ஆழமான நீரில் விழுந்தவர் மீண்டும் பலகைமேல் ஏறி, நீரில் கிடக்கும் பாயைக் கயிற்றால் இழுத்து நிமிர்த்த வேண்டும். பாயின்மேல் தேங்கிய நீரின் எடையும் சேர்ந்துகொள்ளும். சிறுவர்கள் சில தடவைகளிலேயே களைத்துவிடுவர். அவர்களுடைய வலிமை முழுவதும் பாயைத் தூக்குவதில் தீர்ந்துபோக, திரும்பக் கற்பதற்கு மிச்சம் இராது. இடுப்பளவு நீரில் விழுந்தவரோ எழுந்து நிற்கிறார். பாயைக் கையால் பிடித்துக் காற்றில் உயர்த்துகிறார். உடனே மீண்டும் முயல்கிறார். ஆழத்தில் பத்துத் திருப்பம் பழகும் நேரத்தில் இங்கே ஐம்பது பழகலாம். பலகையை அசையாமல் நிறுத்திவிட்டு, காலை எங்கே வைப்பது, கையை எப்போது மாற்றுவது என்பதை மட்டும் தனியே பழகவும் இடமுண்டு.

“ஆழமற்ற நீரில் பழகியவன் ஆழத்தைக் கண்டு அஞ்சுவான்” என்று சிலர் வாதிடுவர். அதில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. கயிற்றால் பாயை இழுத்து நிமிர்த்தும் திறன் கடலுக்குப் போகுமுன் கட்டாயம் வேண்டும். ஆனால் அதை முதல் நாளே கற்பிக்க முனைவது, எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையிடம் இலக்கண நூலைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். முழங்காலளவு நீர் கூடாது என்பதும் உண்மையே. பலகையின் அடியில் மீன்துடுப்புப் போன்ற ஒரு தகடு உண்டு. அது தரையில் தட்டினால் பலகை சட்டென நின்றுவிடும். ஓட்டுபவர் முன்னே தூக்கி எறியப்படுவார். தலைகீழாகப் பாய்ந்து விழுவது பேராபத்து. விழ நேர்ந்தால் உடலைப் பரப்பி விழ வேண்டும். சிப்பிகள் பாதத்தைக் கிழிக்கும். காலணி இன்றி இறங்கக் கூடாது. ஆழம் குறைவு என்பதற்காக மிதவைச் சட்டையைக் கழற்றி வைப்பதும் அறிவீனம்.

இவ்விளையாட்டின் வரலாற்றிலும் கரையோர நீருக்கு ஓர் இடமுண்டு. 1968-இல் அமெரிக்கர் இருவர் பாய்மரப் பலகைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தனர். பின்னர் இங்கிலாந்து நீதிமன்றத்தில் அந்தக் காப்புரிமை குறித்து வழக்கு நடந்தது. அங்கே 1958-ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று சான்றாக வந்தது. பீட்டர் சில்வர்ஸ் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் தானே பலகைக்குப் பாய் கட்டி, ஹேலிங் தீவை அடுத்த ஒரு கழியில் கோடை வார இறுதிகளில் ஓட்டியிருக்கிறான்! இங்கிலாந்தில் அந்தக் காப்புரிமை நிலைக்கவில்லை. 1984-இல் ஒலிம்பிக்கில் நுழைந்த இப்போட்டியில், 2023-இல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஈபாத் அலி வெண்கலம் வென்றார்.

இவ்வளவும் அறிந்தபின், வீட்டருகே உள்ள ஏரியிலேயே பலகையை இறக்கலாமே என்று தோன்றும். காற்றும் உண்டு, ஆழமின்மையும் உண்டு, வேறென்ன வேண்டும்? ஆனால் பழவேற்காடு ஏரி ஒரு பறவைகள் சரணாலயம். குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து, இதே ஆழமற்ற நீரில்தான் அலகைக் கவிழ்த்து இரை தேடுகின்றன. வண்ணப் பாய் ஒன்று விரைந்து வந்தால் அவை இரையை விட்டு எழுந்து பறக்கும். மீனவர்களுக்கும் இவ்வேரி விளையாட்டுத் திடலன்று. ஏரியின் தென்பகுதியில் எந்த இடத்தில் யார் எந்நாளில் வலை இடுவது என்பதைப் ‘பாடு’ என்னும் முறையால் அவர்களே பகிர்ந்துகொள்கின்றனர். இவர்களையெல்லாம் கேளாமல் இங்கே ஒரு பயிற்சிக்களம் அமைப்பது முறையாகாது. கோடையிலோ பல இடங்களில் நீர் வற்றிச் சேறு தெரியும். இராமேசுவரத்தை அடுத்த பாக் நீரிணையின் ஆழமற்ற கரையோரம் போன்ற இடங்களில், பயிற்றுநர் துணையோடு பழகுவதே தக்கது.

அதுவரை தடாப் பிள்ளைகள் கரையில் நின்று மீனவரின் பாய்மரப் படகுகளைக் கவனிக்கலாம். படகு திரும்பும் வேளையில் பாய் எந்தப் பக்கம் போகிறது, ஆட்கள் எந்தப் பக்கம் நகர்கின்றனர், காற்று அவர்களின் எந்தக் கன்னத்தில் படுகிறது என்று பார்க்கலாம். அதற்குப் பூநாரைகளும் மறுப்புச் சொல்லமாட்டா.