மின்பதிப்பில் தேடி மாற்றுதலும் பதிப்புப் பொறுப்பும்

பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கும் பணியில், ‘ரெகெக்ஸ்’ எனப்படும் வடிவப் பொருத்தத் தேடல் இன்றியமையாத கருவியாகிவிட்டது. ஒரு வடிவத்தை வரையறுத்தால், அதற்குப் பொருந்தும் இடங்கள் பல்லாயிரம் அடிகளிலும் ஒரே கட்டளையால் மாறுகின்றன. அடியெண்களை நீக்கவும் இடைவெளிகளைச் சீராக்கவும் இது பெரிதும் உதவும். ஆயினும், மூலபாடத்தின் எழுத்தைத் தொடும் மாற்றம் ஒவ்வொன்றும் ஒரு பதிப்பு முடிவாகும். அது பதிப்புரையில் இடம்பெறுதல் வேண்டும்.

எழுத்துணரி மென்பொருள் துணைக்காலை ரகரமாகக் கொள்வதுண்டு. ‘பாலை’ என்பது ‘பரலை’ என வந்திருப்பின், ‘பரல’ என்பதைப் ‘பால’ என மாற்றப் பணிப்பது எளிது. ஆனால், ஒருங்குறியில் ‘ல்’ என்பது லகரக் குறியீடும் புள்ளிக் குறியீடும் அடுத்தடுத்து நிற்பதே. எனவே ‘பரல்’ என்னும் சொல்லும் ‘பால்’ ஆகிவிடும். பாலைத்திணைப் பாடல்களில் சுரத்தின் கொடுமையைப் புலப்படுத்தும் பருக்கைக்கல் இவ்வாறு மறையும். ‘பரற்’ எனத் திரிந்த இடங்கள் எஞ்சும். ‘பால்’ என்பதும் பொருளுடைய சொல்லாதலின் பிழைதிருத்தி இதனைக் காட்டாது. புள்ளி பெற்ற லகரத்தை விலக்கி வடிவத்தைச் செப்பம் செய்தாலும், இரண்டாம் வேற்றுமை ஏற்ற ‘பரலை’ தப்பாது. பொருளறிந்த கண்ணே அதனை வேறுபடுத்தும்.

ஓலைச்சுவடிகளிலும் ரகரமும் துணைக்காலும் வடிவால் மயங்கின. முன்னைப் பதிப்பாசிரியர் இடந்தோறும் பொருள் நோக்கியே பாடம் துணிந்தனர். இன்று அத்துணிபு ஒரு கட்டளைக்குள் அடங்கி, சுவடு தெரியாமல் நிகழ்கிறது. அவ்வுரையிலிருந்து சொல்லடைவும் சொற்புள்ளியியலும் உருவாக்குவோர் திருத்தியவரின் கருதுகோளையே தரவாகக் கொள்வர்.

கையால் திருத்துவோரும் பிழை செய்வர் என்பது உண்மையே. கைப்பிழை ஓரிடத்தது, கட்டளைப் பிழை நூல் முழுவதும் பரவுவது. அதேவேளை, பதிவு செய்யப்பட்ட கட்டளையைப் பிறர் மீண்டும் இயக்கிச் சரிபார்க்கலாம். கைத்திருத்தத்தில் அவ்வாய்ப்பு அரிது. ஆதலின் குறை கருவியினுடையதன்று. அதனைப் பயன்படுத்தியதைக் கூறாது விடுவதே குறை.

திருத்தப்படாத முதற்படியைப் பேணுதல், எழுத்தை மாற்றும் கட்டளைகளை இடந்தோறும் நோக்கி ஏற்றல், அவற்றை இயக்கிய வரிசையிலேயே, மாறிய இடங்களின் எண்ணிக்கையுடன் பின்னிணைப்பாக வெளியிடல் ஆகிய மூன்றும் மின்பதிப்பின் குறைந்தளவு நெறிகளாதல் வேண்டும். பாடவேறுபாடுகளைத் தராத பதிப்பை ஆய்வுலகம் ஐயத்துடன் நோக்குகிறது. மாற்றப் பட்டியலைத் தராத மின்பதிப்பையும் அவ்வாறே நோக்குதல் தகும்.