கோணல் கண்ணும் கோணல் புத்தியும்

ஏழாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் வடகிழக்கு மூலையை ஆண்ட கோங்கல் என்ற குறுநில மன்னனைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான் வருகிறது. மாமன்னன் டோம்னல் அவனை எடுத்து வளர்த்தான். டோம்னல் தன் கோட்டையில் வைத்த விருந்தில் மற்ற மன்னர்களுக்கு வெள்ளித் தட்டில் பெருவாத்து முட்டை வந்தது. கோங்கலுக்கு மரத்தட்டில் கோழி முட்டை. பொறுக்கமாட்டாமல் எழுந்து போனவன், கடல் கடந்து அந்நியப் படைகளைத் திரட்டிவந்து, வளர்த்தவன் மீதே பாய்ந்தான். 637இல் மாய்ரா சமவெளியில் மாண்டான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்பது அவன்மேல் குத்தப்பட்ட முத்திரை.

இந்த முத்திரை பொய் என்பது என் உறுதியான எண்ணம். முட்டைக் கதையும் வளர்ப்புக் கதையும் கோங்கல் இறந்து நானூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, பதினொன்று பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில், எழுத்து வடிவம் பெற்ற இரண்டு கதைநூல்களில் இருப்பவை. ஒன்று விருந்தைச் சொல்கிறது, மற்றொன்று போரை. ஜான் ஓடோனவன் 1842இல் இவ்விரண்டையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். அன்று முதல் கதையே வரலாறாகப் புழங்குகிறது. பழைய சான்றுகளில் கோங்கலைத் தேடினால் வேறொரு ஆள் கிடைக்கிறான்.

முதல் சான்று ஒரு சட்டநூல், அதுவும் தேனீக்களைப் பற்றிய சட்டநூல். ‘பெக்வ்ரெதா’ என்று பெயர். தேனீத் தீர்ப்புகள் என்று பொருள். ஏழாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டது. ஒருவர் வளர்க்கும் தேனீக்கள் அடுத்தவர் நிலத்துப் பூக்களில் மேய்கின்றன. மாடு வேலி தாண்டி மேய்ந்தால் எப்படியோ அப்படித்தான் இதுவும் என்கிறது அந்த நூல். வளர்ப்பவருக்கு முதல் மூன்று ஆண்டுகள் விலக்கு. அதன்பிறகு பிரிந்துவரும் தேனீத் திரளில் அக்கம்பக்கத்தாருக்குப் பங்கு உண்டு. கொட்டினால் என்ன ஈடு, கண் போனால் என்ன ஈடு என்றும் வழக்கு வழக்காக அலசுகிறது. அந்தப் பகுதியில்தான், முன்னோடித் தீர்ப்பாக, கோங்கல் வருகிறான். தேனீ கொட்டி அவன் ஒரு கண்ணை இழந்தான்; அதுவரை தாராவின் மன்னனாக இருந்தவன், அந்த ஊனத்தால் பட்டத்தை இழந்தான் என்கிறது நூல். உடலில் ஊனமுள்ளவன் அரசனாக இருக்கக்கூடாது என்பது அந்நாட்டின் பழைய விதி.

தாரா சாதாரண அரியணை அல்ல. அயர்லாந்தின் மன்னர்களுக்குள் முதன்மை கோருபவன் அமரும் இடம். பிற்கால அரசர் பட்டியல்களில், தாராவின் மன்னர் வரிசையில் கோங்கலின் பெயர் இல்லை. அதை வைத்துத்தான், அவன் ஓர் ஓரத்துச் சிற்றரசன், தகுதிக்கு மீறி ஆசைப்பட்டவன் என்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியல்கள் உருவான காலத்தில் தாரா ஈ நீல் குலத்தின் சொத்தாகிவிட்டிருந்தது. டோம்னல் அந்தக் குலத்தவன்; கோங்கலோ க்ருத்தின் இனத்து டால் நாரடிக் குடியில் பிறந்தவன். பெயரை விட்டுவிட ஈ நீல் தரப்புக்குக் காரணம் இருந்தது. தேனீ வழக்கை எழுதிய சட்டப் புலவனுக்கோ கோங்கலை உயர்த்திப் பிடிப்பதில் எந்த லாபமும் இல்லை. போகிற போக்கில் சொன்ன சான்று அது. எனக்கு அதைவிட நம்பகமானது கிடையாது.

அவன் பெயரையே பாருங்கள். சட்டநூலும் ஆண்டுக்குறிப்புகளும் அவனைக் ‘காய்க்’ என்கின்றன; ஒற்றைக்கண்ணன் என்பது பொருள். கதைநூல்களில் அது ‘கிளேன்’ ஆகிறது. கிளேன் என்றால் கோணல். கண்ணின் கோணலுக்கும் அந்தச் சொல்தான், புத்தியின் கோணலுக்கும் அந்தச் சொல்தான். தமிழிலும் கோணல் அப்படித்தானே வேலை செய்கிறது! அடிபட்ட ஒருவனின் உடற்குறையை எடுத்து, அதையே குணக்குறையாகத் திருப்பிவிட்டார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

அடுத்தது நன்றிகெட்டவன் என்ற குற்றச்சாட்டு. 628இல் தாராவின் மன்னனாக இருந்தவன் சுவ்னே மென். அவனும் ஈ நீல்தான், ஆனால் கெனேல் நோகன் என்ற கிளையைச் சேர்ந்தவன். டோம்னல் கெனேல் கோனல் கிளை. அந்த ஆண்டில் சுவ்னேயோடு மோதிய டோம்னல் தோற்று ஓடினான் என்று ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. அதே ஆண்டில் சுவ்னேயைக் கொன்றவன் கோங்கல். காலியான இடத்தில் அமர்ந்தவன் டோம்னல். மறு ஆண்டு, 629இல், கோல்ரெய்ன் அருகே டூன் கெதிர்ன் கோட்டையில் டோம்னல் கோங்கலைத் தோற்கடித்தான். கோங்கலைக் குற்றமற்றவன் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு மன்னனைக் கொன்ற கை அது. ஆனால் அந்தக் கொலையால் அரியணை பெற்றவன் டோம்னல் என்றிருக்க, யார் யாருக்கு நன்றிகெட்டவன்?

அந்நியரைக் கூட்டிவந்தான் என்பதும் நிற்காது. கதைநூல் பிரித்தானியர், சாக்சன்கள், ஃபிராங்குகள் என்று ஒரு பட்டாளத்தையே கப்பலேற்றுகிறது. உண்மையில் கோங்கலோடு நின்றவன் டால் ரியாட்டாவின் மன்னன் டோம்னல் பிரெக். பெயர்தான் ஒன்று, ஆள் வேறு. டால் ரியாட்டா என்பது ஆன்ட்ரிம் கரையிலும் எதிரே ஸ்காட்லாந்துக் கரையிலுமாகப் பரந்திருந்த ஒரே அரசு. நடுவே இருக்கும் கடல் மிகக் குறுகலான இடத்தில் இருபது கிலோமீட்டர் அளவுதான். இரு கரையிலும் பேசியது ஒரே மொழி.

கோங்கலைக் கிறிஸ்தவத்தை எதிர்த்த கடைசி வீரனாக வரைந்தவர் கவிஞர் சாமுவேல் ஃபெர்குசன், 1872இல். அந்தச் சித்திரத்துக்கு ஏழாம் நூற்றாண்டில் ஆதாரமே இல்லை. பேங்கர் மடத்தை நிறுவிய துறவி கோம்கால் கோங்கலின் இனத்திலேயே பிறந்தவர். அவரும் ஈ நீல் குலத்துத் துறவி கொலும்பாவும் டூன் கெதிர்ன் அருகே உட்கார்ந்திருந்தபோது, உங்கள் உறவினரும் என் உறவினரும் இங்கே போரிடுவார்கள், இந்த ஊற்றில் இரத்தம் கலக்கும் என்று கொலும்பா முன்கூட்டியே சொன்னதாக, கொலும்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய அடோம்னான் சொல்கிறார். இரு பக்கமும் சிலுவைக்காரர்கள் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்லமுடியும்?

நம் காலத்திலும் அவனை வேறொரு சட்டத்துக்குள் அடைக்கிறார்கள்: க்ருத்தின் மண்ணை அயலாரிடமிருந்து காத்த அல்ஸ்டர் வீரன் என்று. அதற்கும் சான்று இடம்கொடுக்கவில்லை. மாய்ராப் போர் நடந்த அதே நாளில் கடலிலும் ஒரு போர் நடந்தது. அதில் டோம்னலின் கூட்டாளியிடம் தோற்றவர்கள் கெனேல் நோகன் கிளையினர். கோங்கல் கொன்ற சுவ்னேயின் சொந்தக் கிளை! அவர்களே ஒன்பது ஆண்டு கழித்துக் கோங்கலின் எதிரிக்கு எதிரே நிற்கிறார்கள் என்றால், இது இனப்போர் அல்ல, அரியணைப் போர்.

மாய்ராவைப் பற்றிய மிகப் பழைய விளக்கம் அயோனா மடத்துத் தலைவர் கும்மீனே எழுதியது. அவர் 669இல் இறந்தவர், டோம்னலின் கிளையிலேயே பிறந்தவர். கோங்கலைத் தூற்றக் காரணம் யாருக்காவது இருந்தது என்றால் அவருக்குத்தான். அவரோ காரணமின்றி டோம்னலின் நாட்டைப் பாழாக்கினான் என்று டோம்னல் பிரெக்கைத்தான் குற்றம் சாட்டுகிறார். அந்தப் பாவத்தால் அவன் வழியினர் இன்னும் அந்நியருக்கு அடங்கிக் கிடக்கிறார்கள் என்கிறார். துரோகி என்ற சொல் அங்கே இல்லை. முட்டை இல்லை, விருந்து இல்லை. கோங்கலின் பெயர்கூட இல்லை.