கடைசி கிளிப் எங்கே?

தில்லியில் ஜனவரி மாதக் காலை. சாவியைத் திருப்பினால் ‘டிக், டிக்’ என்று சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. குளிரில் பாட்டரியின் திறன் குறையும், எஞ்சின் ஆயிலும் கெட்டிப்படும். பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை அருகில் நிறுத்தி, சிவப்பும் கறுப்புமாக இரண்டு கேபிள்களோடு இறங்குகிறார். நல்ல மனசுதான். ஆனால் ஆபத்தும் இங்கேதான் தொடங்குகிறது.

12 வோல்ட் பாட்டரி என்ன செய்துவிடும் என்ற அலட்சியம் பலருக்கு உண்டு. தொட்டால் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் சார்ஜ் ஏறும்போது லெட்-ஆசிட் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறுகிறது. காற்றில் அது 4 சதவிகிதம் கலந்திருந்தாலே போதும், சின்னத் தீப்பொறியில் பாட்டரி வெடித்துக் கந்தக அமிலம் முகத்தில் தெறிக்கலாம்.

அந்தத் தீப்பொறி பெரும்பாலும் கடைசி கிளிப்பை மாட்டும்போதுதான் கிளம்பும். எனவே எதை முதலில் மாட்டுவது, எதைக் கடைசியில் மாட்டுவது என்பதுதான் விஷயமே.

இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடக்கூடாது. எஞ்சின்கள் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். சிவப்பு கேபிளின் ஒரு முனை, படுத்துவிட்ட பாட்டரியின் பாசிட்டிவில். மறுமுனை, நல்ல பாட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு கேபிளின் ஒரு முனை நல்ல பாட்டரியின் நெகட்டிவில். மிச்சமிருக்கும் கடைசி கிளிப்பைப் படுத்த பாட்டரியில் மாட்டவே கூடாது. அந்தக் காரின் எஞ்சினில், பாட்டரிக்குத் தள்ளி, பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்ட வேண்டும். நெகட்டிவ் டெர்மினல் எஞ்சினோடும் பாடியோடும் இணைந்திருப்பதால் மின்சாரம் தாராளமாகப் பாயும். பொறி பறந்தாலும் அங்கே வாயு இருக்காது.

நல்ல காரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, பிறகு மற்றதை ஸ்டார்ட் செய்யலாம். கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக.

பாசிட்டிவும் நெகட்டிவும் மாறிவிட்டால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் எரிந்துபோகலாம். நெடுஞ்சாலையில் உதவிக்கு நிற்கும் லாரியிடமும் எச்சரிக்கை தேவை. பெரிய லாரிகள் பலவற்றில் இருப்பது 24 வோல்ட்; காரின் எலெக்ட்ரானிக்ஸ் அதைத் தாங்காது. கண்ணில் அமிலம் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீரால் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் அவசரத்தில் கடைசி கிளிப்பைப் பாட்டரிக்குக் கொண்டுபோனால், கையைப் பிடித்து நிறுத்துவது மரியாதைக் குறைவல்ல.