குழாய் அடைத்தால் குழந்தை எங்கே போகும்?

"ஏழை நாட்டுக்கு எண்டோஸ்கோப் எதற்கு? மலிவான குழாய் போதாதா?" என்று கேட்போர் உளர், தோழர்களே! கேள்வியிலே கருணை தொனிக்கிறது. உள்ளேயோ கணக்கு ஒளிந்திருக்கிறது. அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

மூளையின் அறைகளிலே ஊறும் நீர் வடிய வழியின்றித் தேங்குகிறது; பச்சிளங்குழந்தையின் தலை பருக்கிறது; பார்வை மங்குகிறது; அறிவு கருகுகிறது. தலையிலிருந்து வயிற்றுக்குக் குழாய் பதித்து அந்நீரை வடிப்பது வழக்கமான மருத்துவம். எண்ணற்ற உயிர்களை அது காத்தது, மறுப்பாரில்லை. ஆனால், குழந்தைகளுக்குப் பதித்த குழாய்களில் பத்துக்கு நான்கு ஓராண்டுக்குள்ளேயே பழுதாகின்றன! அடைக்கும், கிருமி புகும். மீண்டும் கத்தி, மீண்டும் குழாய்!

சீமான் வீட்டுச் செல்வனுக்கு அடைத்தால் கார் பறக்கும். உகாண்டாவின் சிற்றூர்க் குழந்தைக்கு அடைத்தால்? மருத்துவமனை தொலைவிலே, மரணமோ வாயிலிலே!

அந்நாட்டின் எம்பாலே நகரில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் வார்ஃப், இந்தியாவில் செய்த மலிவான சாப்ரா குழாயையும், பன்மடங்கு விலையுள்ள மேலைநாட்டுக் குழாயையும் ஒப்பிட்டு 2005இல் முடிவு வெளியிட்டார். ஓராண்டு அளவில் பயனிலே வேற்றுமை இல்லை! விலை குறைந்தது, வேதனை குறைந்ததா? இல்லை!

ஆகவேதான் அவர் வேறு வழியும் கண்டார். சிறு துளை வழியே எண்டோஸ்கோப் செலுத்தி, மூளையின் மூன்றாம் அறையின் அடித்தளத்திலே நீர் செல்ல வழி திறந்தார். நீர் சுரக்கும் திசுவைச் சுட்டுச் சுருக்கினார். குழாய் இல்லை, ஆகவே குழாய் அடைப்பும் இல்லை! முன்பே பதித்த குழாய் பழுதானோரிலும் தகுந்தவர்க்கு, புதுக் குழாய்க்குப் பதிலாக வழி திறந்து விடுதலை தரலாம்.

"அறிவு வளர்ச்சி குன்றாதோ?" என்றனர். உகாண்டாவில் 100 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017இல் விடையளித்தது: ஓராண்டின் முடிவில் இரு முறைக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை!

"திறந்த வழி மூடிக்கொள்ளுமே?" என்பர். ஆம், சிலர்க்கு மூடும். பெரும்பாலும் முதல் ஆறு திங்களுக்குள். அவர்கட்குக் குழாய் இருக்கவே இருக்கிறது. குழாயின் அச்சுறுத்தலோ ஆயுள் முழுதும்!

குழாயை ஒழிக்கச் சொல்லவில்லை நாம். குழாய் ஒன்றே ஏழைக்குப் போதும் என்னும் எண்ணத்தை ஒழிக்கச் சொல்கிறோம். பழுதுபார்க்க ஆளில்லாத இடத்திலே பழுதாகும் பொருளைப் பதித்துவிட்டுக் கைகழுவுவது தருமமா? கருவி வேண்டும், கற்ற கரம் வேண்டும், இரண்டும் ஏழையின் ஊருக்கு அருகே வேண்டும். இது பிச்சையன்று, தோழர்களே. பிறந்த குழந்தையின் உரிமை!