திறமைக்கு உரிமையாளர் யார்?

உறைபனித் தளத்தில் கத்தி பதித்த காலணியோடு சறுக்கிச் சென்று, வளைந்த மட்டையால் இரப்பர் வட்டைத் துரத்தும் ஐஸ் ஹாக்கி, நம் வெயில் நாட்டார்க்கு அயலான ஆட்டமே. எனினும் அவ்வாட்டத்தில் தலைசிறந்து விளங்கிய சோவியத் வீரர் வியாசெஸ்லாவ் ஃபெட்டிசோவின் வரலாறு எழுப்பும் வினா நமக்கு அயலானதன்று. ஒருவனை வளர்த்து ஆளாக்கிய அமைப்பு, அவனைத் தன் உடைமையெனக் கொள்ளலாமா என்பதே அவ்வினா.

1958இல் மாஸ்கோவில் பிறந்த ஃபெட்டிசோவ், இராணுவ விளையாட்டுக் கழகமான சிஎஸ்கேஏயின் தற்காப்பு ஆட்டக்காரர். 1984, 1988 ஆகிய ஈராண்டுகளிலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற சோவியத் அணியில் ஆடியவர். ஏழு உலகப் பட்டங்களில் பங்குடையவர். கசதோனோவ், லாரியோனோவ், மகரோவ், குருத்தோவ் ஆகியோருடன் அவர் இணைந்து ஆடிய ஐவர் கூட்டணி, பத்துக் கைகள் கொண்ட ஒரே உடல் போல இயங்கியது எனின் மிகையன்று.

பயிற்சியாளர் விக்டர் திகோனோவ் கடுமையே உருவானவர். மணமான வீரர்களும் மனைவி மக்களைப் பிரிந்து, ஆண்டின் பெரும்பகுதியைப் பயிற்சி முகாமிலேயே கழிக்க நேர்ந்தது. அக்கடுமை பலன் தரவில்லை என்று கூறுவோர் உண்மையை மறைப்போராவர். 1978 முதல் 1989 வரை பன்னிரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் சோவியத் பட்டம் அவர்தம் கழகத்திற்கே கிட்டியது. ஆனால் அவ்வீரர்கள் இராணுவ அதிகாரிகள். விலகவும் ஆணை வேண்டும்! 1988இல் லாரியோனோவ் ‘ஒகன்யோக்’ இதழில் வெளிப்படையான மடல் ஒன்றெழுதி இந்நிலையைச் சாடினார்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி அணி 1983லேயே ஃபெட்டிசோவைத் தேர்ந்திருந்தது. 1988 ஒலிம்பிக்கிற்குப்பின் செல்லலாம் என்ற வாக்குறுதி அளிக்கப்பட்டு மீறப்பட்டது. தப்பியோடும் வழி திறந்தே இருந்தது. அவர் அதனை ஏற்கவில்லை. கள்வனைப் போலன்றி, முறையான கடவுச்சீட்டோடு வாயில் வழியே செல்வேன் என்று நின்றார். என் கருத்தில் அவருடைய தங்கப் பதக்கங்களினும் பெரியது இந்நிலைப்பாடு. அணியிலிருந்து அவர் ஒதுக்கப்பட்டபோது, அவரின்றி ஆடமாட்டோம் எனத் தோழர்கள் தொலைக்காட்சியில் அறிவித்தனர். இளமைத் தோழர் கசதோனோவ் மட்டும் உடன் நிற்கவில்லை. முடிவில் 1989 உலகப் போட்டியில் ஃபெட்டிசோவே அணித்தலைவராகச் சென்று வென்றார். அவ்வாண்டே முறைப்படி அமெரிக்காவும் சென்றார்.

“அரசின் செலவில் வளர்ந்தவன் அரசுக்கே உரியவன்” என்பார் உளர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. சிறுவயது முதற்கொண்டு மட்டையும் தளமும் ஆசானும் தந்தது அவ்வமைப்பே. ஆனால் கடன் என்றால் அதற்கோர் எல்லை உண்டன்றோ? எத்துணைப் பதக்கங்கள் தந்தால் அது தீரும் என்பதை எந்த அதிகாரியும் அவருக்குக் கூறவில்லை. எல்லை கூறப்படாத கடனுக்கு அடிமைத்தனம் என்பதே பெயர்.

அமெரிக்க மண்ணிலும் தொடக்கம் இனிதாக அமையவில்லை. அகவை முப்பதைக் கடந்தவர்க்கு அயல்நாட்டு ஆட்டமுறை எளிதில் வசப்படவில்லை. பின்னர் டெட்ராய்ட் அணியில் சேர்ந்து, 1997இலும் 1998இலும் ஸ்டான்லி கோப்பையை வென்றார். 1997 வெற்றிக்குச் சில நாள்களில் நேர்ந்த கார் விபத்தில், உடன் சென்ற சக வீரர் கான்ஸ்தந்தினோவின் ஆட்ட வாழ்வே முடிந்தது. ஃபெட்டிசோவ் காயங்களோடு தப்பினார். அவ்வாண்டு ஆகஸ்டில் லாரியோனோவ், கோஸ்லோவ் ஆகியோருடன் அக்கோப்பையை அவர் மாஸ்கோவிற்கே கொண்டு சென்றார். 2002இல் ரஷ்ய அரசின் விளையாட்டுத் துறைத் தலைமைப் பொறுப்பு, ஒருகாலத்தில் விடுவிக்க மறுக்கப்பட்ட அதே மனிதரிடம் ஒப்படைக்கப்பட்டது.