சாதுவான பச்சோந்தி என்று ஓர் இனம் இல்லை

பச்சோந்தி வளர்க்க ஆசைப்படுவோரிடையே ஒரு தரவரிசை உலவுகிறது. ஏமன் நாட்டுக் கொண்டைப் பச்சோந்தி முன்கோபி. மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தி பழகப் பழக அடங்கும். கிழக்கு ஆப்பிரிக்காவின் மூன்று கொம்பு ஜாக்சன் பச்சோந்தி பரம சாது. ஆகவே முதன்முதலாக வளர்ப்பவர் சாதுவான இனமாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். புதுச்சேரியில் வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடையே உள்ள கரிக்கலாம்பாக்கம் போன்ற ஊர்களில் இந்தப் பட்டியலைக் கேள்விப்படாதவர்களும் அதே கருத்தை வேறு வடிவில் வைத்திருக்கிறார்கள்: ஓணான் வெருண்டு ஓடும், பச்சோந்தி கையில் ஏறி உட்காரும், ஒன்றும் செய்யாது, பாவம். இரண்டு நம்பிக்கைகளுக்கும் அடியில் இருக்கும் பிழை ஒன்றுதான். அசையாமல் இருக்கும் பிராணி இணங்கிவிட்டது என்று எண்ணுவது.

இந்தியாவில் பச்சோந்தி இனம் ஒன்றே ஒன்று. 1768இல் லாரென்டி என்ற விலங்கியலாளர் இலங்கையின் பெயரால் ‘கமீலியோ சைலானிகஸ்’ என்று அறிவியல் பெயரிட்டது அது. இலங்கையிலும் பாகிஸ்தானின் சில பகுதிகளிலும் அது உண்டு. வாலையும் சேர்த்து ஓர் அடிக்குச் சற்று மேல் வளரும். நெல்லும் கரும்புமாகக் கிடக்கும் கரிக்கலாம்பாக்கத்துப் பக்கங்களில் அதற்கு ஏற்ற இடம் வயல் அல்ல. வயலோரத்து வேலி, வேலிக்காத்தான் புதர், சாலையோர மரம். அங்கே அது இருந்தாலும் பெரும்பாலோர் கண்ணில் படாது. அதன் பிழைப்பே கண்ணில் படாமல் இருப்பதில்தான் இருக்கிறது.

ஓடித் தப்பும் உடல் பச்சோந்திக்கு வாய்க்கவில்லை. இரண்டும் மூன்றுமாக ஒட்டிப் பிறந்த விரல்கள் கிளையை இடுக்கிப் பிடிக்கத் தோதானவை. தரையில் அவை தடுமாறும். காற்றில் ஆடும் இலையின் தாளத்தில் முன்னும் பின்னும் ஆடி ஆடி நடப்பதும், ஆள் நெருங்கினால் கிளையின் மறுபுறம் நழுவி உடலைப் பலகைபோல் ஒடுக்கிக்கொள்வதும், அப்படியே உறைந்துபோவதும் அதன் முதல் தற்காப்பு. காக்கையும் வல்லூறும் பாம்பும் இந்த உறைநிலையைக் கண்டு ஏமாறுகின்றன. மனிதன் ஏமாறுவதில்லை, பிடித்துவிடுகிறான். பிடித்த பிறகு அதற்கு ஒரு நற்குணத்தையும் சூட்டுகிறான்.

உறைநிலை பயன்படாதபோது அடுத்த கட்டம் தொடங்கும். தொண்டைப் பையை உப்பி, உடலைப் பக்கவாட்டில் விரித்துப் பெரிதாக்கி, வாயை அகலத் திறந்து சீறும். அதையும் மீறிக் கை நீண்டால் கடிக்கும். வலிக்கும், ஆனால் நஞ்சு கிடையாது. பச்சோந்தி கடித்தால் விஷம் என்று அடித்துக் கொல்வதும் நாட்டில் நடக்கிறது. ஒரே பிராணியை ஒருவர் விஷம் என்று கொல்ல, இன்னொருவர் சாது என்று கூண்டில் அடைப்பது விந்தைதான்; முடிவில் பச்சோந்திக்கு இரண்டும் கேடே. ராமருக்குத் தாகம் எடுத்தபோது செய்த குற்றத்துக்காக ஓணானுக்குக் காலம்காலமாகக் கல்லடி விழுந்துவருவதாகச் சிறுவர்கள் கதை சொல்வார்கள். அந்தக் கதை பச்சோந்தியைத் தப்பவிட்டது. நல்ல பெயர் விடவில்லை.

கையில் எடுத்தவர் காட்டும் சான்றுகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, அது விரலை இறுகப் பற்றிக்கொள்கிறது. கிளையில் வாழும் பிராணியின் கால் எது அகப்பட்டாலும் பற்றும். விழாமல் இருக்க அதற்குத் தெரிந்த வழி அதுவே. இரண்டாவது, கையிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து தலைக்கும் ஏறி அங்கே உட்கார்ந்துகொள்கிறது. இதைச் செல்லம் கொஞ்சுவதாகச் சொல்லி மகிழாத வளர்ப்பாளர் குறைவு. ஆபத்தென்றால் மேலே போ என்பது மரவாழ் பிராணியின் விதி. கையிலிருந்து தப்ப அது கண்ட மிக உயரமான இடம் அந்த மனிதரின் தலை, அவ்வளவே. நெரிசலான பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி வாய் திறக்காமல் நிற்பவரைப் பார்த்து, இவருக்கு இந்தப் பயணம் மிகவும் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டுவதற்கு ஒப்பானது இந்த வாதம்.

பச்சோந்தியின் மனநிலையை அறிய அதன் அசைவைவிட நிறம் நம்பகமானது. பின்னணிக்கு ஏற்ப அது எந்த நிறத்துக்கும் மாறும் என்பது மேடைப் பேச்சுக்கு மட்டும் உதவும் செய்தி. தோலின் உயிரணுக்களில் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் அடுக்கடுக்காக இருப்பதையும், அமைதியில் அவை நெருங்கியும் கிளர்ச்சியில் விலகியும் வேறுவேறு நிறத்தைத் திருப்பி அனுப்புவதையும் ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2015இல் பேந்தர் பச்சோந்தியில் காட்டினார்கள். அந்த நிறம் சொல்லும் சேதியை அதற்கு முன்பே அமெரிக்காவின் அரிசோனாவில் ரஸ்ஸல் லிகன் என்ற ஆய்வாளர் படிக்க முயன்றார். கொண்டைப் பச்சோந்தியின் ஆண்களை எதிரெதிரே விட்டபோது, எதன் உடல் வரிகள் பளிச்சென்று ஒளிர்ந்தனவோ அது முன்னேறியது. எதன் தலை விரைந்து வெளுத்து ஒளிர்ந்ததோ அது வென்றது. 2014இல் வெளியான தொடர் ஆய்வு தோற்றவற்றைப் பற்றியது. தோற்ற ஆண் கறுத்தது. ‘நான் அடங்கிவிட்டேன், இனி அடிக்காதே’ என்ற அறிவிப்பு அந்தக் கறுப்பு.

உள்ளங்கையில் மங்கிய நிறத்தோடு முடங்கிக் கிடக்கும் பச்சோந்தியை இந்த ஆய்வோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சீறும் பச்சோந்தி இன்னும் போராடுகிறது; சீறாதது பல நேரங்களில் போராட்டத்தைக் கைவிட்டது. முதலாவதை முரடு என்றும் இரண்டாவதைச் சாது என்றும் பெயரிட்டுத்தான் தரவரிசைகள் எழுதப்படுகின்றன.

இதைவிடச் சங்கடமான ஆய்வு ஒன்றும் அதே 2014இல் வந்தது. சிட்னி பல்கலைக்கழகத்தில் கொண்டைப் பச்சோந்திக் குஞ்சுகள் சிலவற்றைத் தனித்தனியாகவும் சிலவற்றைக் கூட்டமாகவும் வளர்த்தார்கள். பிறகு மற்றக் குஞ்சுகளோடு சந்திக்க விட்டபோது, தனிமையில் வளர்ந்தவை விலகி ஓடின, சுருண்டுகொண்டன, மங்கலாகவும் கறுத்தும் தெரிந்தன; இரை பிடிப்பதிலும் பின்தங்கின. பச்சோந்தி தனிமை விரும்பி என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முட்டையிலிருந்து வந்த நாள் முதல் தனிப் பெட்டியில் வளர்த்து விற்கும் வழக்கத்தை இந்த முடிவு கேள்விக்கு உட்படுத்துகிறது. வாங்குபவர் இனத்தின் இயல்பாகப் பாராட்டும் அடக்கத்தில் எவ்வளவு பிறப்பில் வந்தது, எவ்வளவு பெட்டியில் வந்தது என்று கடைக்காரரும் பிரித்துச் சொல்ல முடியாது.

தனிப்பட்ட பச்சோந்திகளுக்கிடையே குணவேறுபாடு உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. வளர்ப்பிலேயே பிறந்து, அவசரப்படாத ஒருவர் கையால் இரை வாங்கித் தின்னும் பேந்தர் பச்சோந்தி, கையைக் கண்டு அஞ்சாமல் இருக்கலாம். அது பழக்கம், அந்த ஒன்றின் பழக்கம். நாயும் மாடும் மனிதனோடு பல ஆயிரம் ஆண்டுகள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவை. பச்சோந்தியின் எந்த இனத்திலும் அப்படி நடந்ததில்லை. தொடுகையைச் சகித்துக்கொள்ளும் பச்சோந்தி கிடைக்கலாம், தொடுகையை நாடும் பச்சோந்தி கிடைக்காது.

பரம சாது என்று பெயரெடுத்த ஜாக்சன் பச்சோந்தியின் கதை தனியே சொல்லத் தக்கது. கென்யா, தான்சானியா மலைகளில், பெரும்பாலும் 1500 மீட்டருக்கு மேல், இரவானால் 15 டிகிரிக்கும் கீழே குளிரும் காடுகளில் வாழ்வது அது. முட்டையிடாமல் குட்டி போடும். 1972இல் ஹவாயின் ஓவாஹு தீவில் செல்லப்பிராணி வணிகர் ஒருவர் கென்யாவிலிருந்து வரவழைத்த பச்சோந்திகள் பயணத்தில் வாடி வதங்கி வந்து சேர்ந்தன. உடம்பு தேறட்டும் என்று அவற்றைத் தம் வீட்டுத் தோட்டத்தில் விட்டார். அவை தேறின, தோட்டத்தைத் தாண்டின, மற்றத் தீவுகளுக்கும் போயின. அந்தத் தீவுகளுக்கே உரிய நத்தைகளையும் பூச்சிகளையும் இன்றுவரை தின்றுவருகின்றன. சாது என்ற நற்சான்று அந்த நத்தைகளுக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

ஹவாயில் குளிர்ந்த மலைச்சரிவுகள் உண்டு. புதுச்சேரிச் சமவெளியில் இல்லை. கத்திரி வெயில் காலத்தில் இங்கே நடுநிசியிலும் புழுக்கம் விடாது. மலைக் குளிருக்குப் பிறந்த பிராணி அந்த வெக்கையில் துவண்டு கிளையில் கிடந்தால், பார்ப்பவர் ‘எவ்வளவு அமைதி!’ என்பார். பகலில் கண் மூடியிருக்கும் பச்சோந்தி நோயாளி. குழி விழுந்த கண் நீரில்லாத உடலின் அறிகுறி. கிண்ணத்தில் வைத்த தண்ணீரை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் சொட்டும் துளியை நக்கியே குடிக்கும். வெயிலின் புற ஊதாக் கதிரும் சுண்ணாம்புச் சத்தும் போதாமல் எலும்பு மெலிந்தால் கால் வளையும், நாக்கு எட்டாது, பிடி தளரும். பெண் கொண்டைப் பச்சோந்தி ஆண் துணை இல்லாமலேயே முட்டை வைக்கும். புதைக்க மண் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி அது சாவதும் உண்டு. இந்த நிலைகள் எல்லாவற்றிலும் பச்சோந்தி மிக மிகச் சாதுவாக இருக்கும். கடிக்கத் தெம்பு வேண்டுமே.

எனவே எந்த இனம் சாது என்ற கேள்விக்கு வளர்ப்பில் பயன் இல்லை. எந்த இனத்தின் வெப்பமும் ஈரமும் இந்த ஊரில் கூடிவரும், ஊர்வன வைத்தியம் அறிந்த கால்நடை மருத்துவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார், தொடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வீட்டில் உள்ளவர்களுக்குப் பொறுமை உண்டா என்பவையே கேட்கத் தக்கவை. குழந்தை கையில் வைத்து விளையாட ஒரு பிராணி வேண்டும் என்பவருக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

சட்டமும் குணத்தைக் கேட்பதில்லை. உள்ளூர்ப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளது. அந்தச் சட்டத்தின்படி வேட்டை என்பது கொல்வது மட்டுமல்ல. உயிரோடு பிடிப்பதும் வேட்டையே. வேலியிலிருந்து எடுத்து அட்டைப் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகும் சிறுவனின் பெற்றோருக்கு இது தெரிந்திருப்பதில்லை. கொண்டை, பேந்தர், ஜாக்சன் மூன்றும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டமும், 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளும் இத்தகைய அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. குட்டி பிறந்தாலும், கைமாறினாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குப் பெட்டிகளில் அடைபட்டு வந்து சுங்கத் துறையிடம் சிக்கும் ஊர்வனவற்றுக்கு அப்படி எந்தத் தாளும் இருப்பதில்லை.

வேலியிலேயே விட்டுவைத்தால் போதுமா என்றால், சாலையில் மட்டும் போதாது. முட்டையிட ஈர மண் தேடிப் பெண் பச்சோந்தி மரத்தைவிட்டு இறங்கும். ஆடி ஆடித் தார்ச்சாலையைக் கடக்கையில் வண்டிச் சக்கரத்தில் சிக்கும். அப்படி ஒன்று எதிர்ப்பட்டால் வெறுங்கையால் தூக்காமல் ஒரு குச்சியை முன்னால் நீட்ட வேண்டும். தானே பற்றி ஏறிக்கொள்ளும். அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துப் புதரில் விட வேண்டும். வந்த பக்கமே திருப்பி விட்டால் மறுபடியும் சாலையில் இறங்கும். அடிபட்டிருந்தால் வீட்டுக்கு எடுத்துப் போகாமல் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.